நாடகத்தை நிறுத்திய அம்மா

மச்சான்,

நேற்று கடலூரிலிருந்து சிதம்பரம் பஸ்ஸில் வரும்போது, சிப்காட் ரசாயன ஆலைகள் பக்கம் அந்த வாடை அடித்தது. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலை இழுத்துச் சாத்தினார்கள். "உள்ள வந்தது எங்க போவும்? தொறந்து வுடுங்கய்யா" என்று நீ சண்டைக்கே போவாய். நேற்று அதைச் சொல்ல ஆளில்லை. நானும் சாத்தினேன். அப்புறம் உன் நினைப்பு வந்து, திறக்கலாமா வேண்டாமா என்று ஜன்னலில் கையை வைத்தபடியே கொஞ்ச தூரம் வந்தேன்.

ஷிஃப்ட் முடிந்து கம்பெனிச் சட்டையோடு ஏறிய ஒரு இளைஞன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, நீங்க பொடவ கட்டிக்கிட்டு அம்மாவா வந்தவருதான?" என்றான். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

சுனாமிக்கு அடுத்த வருஷம், கடலோரக் குப்பத்தில் நாம் போட்ட நாடகத்தைத்தான் சொன்னான். பிள்ளைகள் மனசுக்குள் பூட்டி வைத்திருப்பதை வெளியே கொண்டுவர, பார்ப்பவர்களையே நடிக்கக் கூப்பிடும் நாடகம். பள்ளிக்கூடம் போகாமல் சுருண்டு கிடக்கும் பையன் நீ, திட்டித் தீர்க்கும் அம்மா நான். கூத்து பார்த்து வளர்ந்த சனம், என் மீசையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனசு கேட்காதவர்கள் 'நிறுத்து' என்று சொல்லிவிட்டு வந்து, பையனின் இடத்தில் நின்று, அவன் வேறு என்ன செய்யலாம் என்று நடித்துக் காட்ட வேண்டும். அம்மாவின் இடத்துக்கு மட்டும் யாரும் வரக் கூடாது. அது நாம் வைத்திருந்த விதி.

அன்றைக்கு ஒரு அம்மா நாடகத்தை நிறுத்தினார். எழுந்து வந்தவர் உன் பக்கம் திரும்பவே இல்லை, நேராக என் முந்தானையைப் பிடித்தார். "நீ தள்ளுப்பா. ஒனக்குத் திட்ட மட்டுந்தான் தெரியுது. நான் கேக்குறேன்."

விதியைச் சொல்ல வாயெடுத்தேன். நீ கண்ணாலேயே தடுத்தாய்.

"என்னாடா ஆச்சி ஒனக்கு? அண்ணன் போனதுலேருந்து இப்பிடியே வாய மூடிக்கிட்டு கெடந்தா நான் என்னாத்தப் பண்ணுவேன்?" என்று உன்னைக் கேட்டார். நம் கதையில் அண்ணனே கிடையாது. அவர் கேட்பது உன்னை இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூட்டத்தில் எங்கோ அவர் பெற்ற பிள்ளை உட்கார்ந்திருக்கிறான், நீ ஒரு வார்த்தை பிசகிச் சொன்னால் அவன் இன்னும் உள்ளே போய்விடுவான் என்று பயந்துபோய்க் கூட்டத்தைத் துழாவினேன்.

நீ மணலைக் கிளறிக்கொண்டே இருந்தாய். அப்புறம் சொன்னாய்: "தெரியலம்மா. என்னான்னு கேட்டா சொல்லத் தெரியல. ஒண்ணும் கேக்காம செத்த நேரம் பக்கத்துல குந்தும்மா."

ஒத்திகையில் இல்லாத வசனம். அந்த அம்மா உட்கார்ந்தார். கவிழ்த்துப் போட்டிருந்த படகுப் பக்கமிருந்து ஒரு பையன் வந்து அவருடைய இன்னொரு பக்கத்தில் உட்கார்ந்தான். நாடகம் முடிந்ததா இல்லையா என்றுகூட எனக்குப் புரியவில்லை.

திரும்பி வந்து சிதம்பரம் கீழவீதியில் டீ குடிக்கும்போது கேட்டேனே, அந்த வசனம் எங்கேயிருந்து வந்தது என்று. "நடிப்புதான் மச்சான். வேற என்ன?" என்றாய். ஆனால் புவனகிரியில் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்த அன்று என் மனைவி அதையே கேட்டபோது, "நடிப்புன்னு யாரு தங்கச்சி சொன்னது?" என்று சிரித்துக்கொண்டே ரசத்துக்குக் கை நீட்டினாய். இரண்டில் எது நிஜம்? எத்தனையோ ஊரில் பிள்ளைகளைப் பேச வைத்தோமே, உனக்குள் என்ன இருந்தது? போன வருஷம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. இனி யாரைக் கேட்பேன்? கோபமாகக்கூட வருகிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பஸ்ஸில் வந்தவன் அந்தப் பையன்தான். "அன்னிக்கு வீட்டுக்குப் போயி அம்மா ஒண்ணுமே கேக்கலண்ணே. பக்கத்துல குந்துச்சி. மறுநாளும் அப்பிடித்தான். அப்பறம் ஒருநா நானே சொன்னேன், அலையில அண்ணன் கைய நான்தான் வுட்டுட்டேன்னு" என்றான். பிறகு, "அந்தப் பையனா நடிச்ச அண்ணன் எப்பிடி இருக்காரு?" என்று கேட்டான்.

சொன்னேன். அவன் முகம் சுண்டிப்போயிற்று. ஆலப்பாக்கத்தில் இறங்க எழுந்தவன், கம்பியைப் பிடித்தபடி குனிந்து கேட்டான்: "அவுரு பக்கத்துல யார்ண்ணே குந்துனாங்க?"

ஆஸ்பத்திரியில் நான்தான் இருந்தேன் என்று சொல்ல வந்தது. அவன் கேட்டது அந்தக் கடைசி நாட்களை இல்லை, அதற்கு முந்தின வருஷங்களை என்றும் தோன்றியது. அதற்குள் பஸ் நின்றுவிட்டது.

இன்று சேத்தியாத்தோப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாடகம். உன் வேஷத்தை இப்போது வேறு ஒருவர் கட்டுகிறார். முடிந்து பிள்ளைகள் கலைந்ததும், புடவையைக்கூட அவிழ்க்காமல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்னண்ணே?" என்றார்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் எழுந்திருக்கவில்லை, பக்கத்திலிருந்தவரும் எழுந்திருக்கவில்லை.