வீடு கத்தும்

இன்று காலை, யாரும் தொடாமல், உன் உலை எரியத் தொடங்கியது.

சுவரில் ஒரு 'டிக்'. பிறகு விசிறி சுற்றும் இரைச்சல். பிறகு, கம்பிச் சுருளில் படிந்திருந்த தூசி கருகும் வாசனை. வலியசாலையில் மூன்று நாளாகக் காலம் தவறிய, விடாத மழை. அறை இருபத்தைந்து டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கிறது. உலையை ஏற்றி அணைக்கும் தெர்மோஸ்டாட்டுக்கு இப்போதுதான் குளிர்கிறதாம், அக்கா. நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது.

சிறுநீரகம் கைவிட்ட பிறகு உனக்கு வந்த குளிர் ஊரில் யாருக்கும் புரியவில்லை. ஊரே வெந்துகொண்டிருந்த கோடையில் நீ மூன்று கம்பளிக்குள் நடுங்கினாய். பார்க்க வந்தவர்கள் உன் கையைத் தொட்டுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். வெந்நீர்ப் பை வைத்தோம். கால் கொப்பளித்தது, குளிர் போகவில்லை. "அது அப்படித்தான் இருக்கும்" என்றார் மருத்துவர். பல வருடம் படித்தவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

டயாலிசிஸ் போதும் என்று நீயாகவே நிறுத்திக்கொண்டாய். "கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான்டா. போறச்சே குளிராம இருக்கணும்."

திருவனந்தபுரத்தில் கோடையில் ஹீட்டர் கேட்டு அலைந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒரு கடைக்காரர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். கனடாவிலிருந்து உன் மகன் தொலைபேசியில் சொன்னான்: "இங்க எல்லார் ஆத்துலயும் ஃபர்னஸ் இருக்கு மாமா. ஒரு பெட்டி, வீடு பூராச் சூடு." பொன்முடி மலைப்பாதையில் மூடிக்கிடந்த ஒரு விடுதியில் அப்படியொரு பெட்டி இருந்தது. பீரோ அளவு இரும்பு. வளைவு வளைவாக ஜீப்பில் இறங்கி வந்தது.

"மாமி, ஆத்துல என்ன, புது பீரோவா?" என்றார் எதிர்வீட்டு மாமா.

"இல்ல. உலை வெச்சிருக்கோம்" என்றாய் கம்பளிக்குள்ளிருந்து.

"அப்போ சாப்பிட்டுட்டே போறேன்."

நீ சிரித்த கடைசிச் சிரிப்புகளில் அது ஒன்று.

எலக்ட்ரீஷியன் சுகுமாரன் மீட்டரிலிருந்து கட்டைவிரல் தடிமனில் தனி ஒயர் இழுத்தார், தனி பிரேக்கர் வைத்தார், எர்த் அடித்தார். காற்று வரும் வாயைத் திருகி உன் கட்டிலைப் பார்க்க வைத்தார். தெர்மோஸ்டாட்டின் இரண்டு கம்பிகளையும் ஒட்டவைத்துச் சோதித்தபோது சுருள் சிவந்தது. வெந்த காற்று வந்தது. நீ கண்ணை மூடிக்கொண்டு, "ஆஹா" என்றாய். ஒரு நிமிடம். பிறகு அவர் தெர்மோஸ்டாட்டை முறைப்படி இணைத்தார். எல்லாம் அணைந்தது.

குமிழை முழுவதும் திருகினார். அதிகபட்சம் இருபத்தைந்து. சுவரில் தொங்கிய வெப்பமானியில் முப்பது. அறை போதிய அளவு சூடாக இருக்கிறது என்பது இயந்திரத்தின் தீர்மானம்.

"மெஷினுக்கு ஒரு கேடும் இல்ல சாரே. ஊருதான் சரியில்ல."

"அந்தக் கம்பியை ஒட்டினபடியே விட்டுடுங்களேன்" என்றேன்.

"ஐயோ, வேண்டாம். நேரா கொடுத்தா நிக்காது. வீடு கத்தும்."

மலையாளத்தில் கத்தும் என்றால் எரியும். நமக்கு அலறும். இரண்டும் தெரிந்த நீ, உனக்கு வேண்டிய பொருளை எடுத்துக்கொண்டாய்.

"கத்தட்டுமே சுகுமாரா. இந்த ஆத்துல யாராவது ஒருத்தர் கத்தட்டும்."

அம்மா போனபோது நாம் கத்தவில்லை. அப்பா போனபோதும் இல்லை. அடுத்த வீட்டுக்குக் கேட்கும் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம்.

வழியை நான்தான் கண்டுபிடித்தேன். ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் நிரப்பித் தெர்மோஸ்டாட் மீது அழுத்திப் பிடித்தேன். ஐந்தாவது நிமிடம் 'டிக்'. அது ஏமாந்துவிட்டது. உலை எரிந்தது. கையை எடுத்தால் சிறிது நேரத்தில் அணைந்துவிடும். கயிறு போட்டுக் கட்டிப் பார்த்தேன், சரிந்து விழுந்தது. ஆகவே நின்றேன். முதுகில் வியர்வை வழிய, உள்ளங்கை மரத்துப்போக, ஒன்பது நாள் கிடைத்த நேரமெல்லாம் சுவரோரம் நின்றேன்.

"ஒருத்தன் கை விறைச்சாத்தான் இன்னொருத்திக்குச் சூடு. நன்னா செஞ்சிருக்கான் மெஷின்" என்றாய்.

பத்தாம் நாள் மத்தியானம் ஐஸ் தீர்ந்தது. தெருமுனை ஜூஸ் கடைக்கு ஓடினேன். போகும்போது உலை எரிந்துகொண்டிருந்தது. பையில் ஐஸோடு திரும்பி வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. உலையும் அணைந்திருந்தது, நீயும். இரண்டில் எது முதலில் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. இந்த ஒன்றைத்தான் பதினோரு மாதமாக ராப்பகலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் மகன் வந்து சேர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். குளிராமல் போக வேண்டும் என்று கேட்டவளை அதற்குள் வைத்தோம். அதன் தெர்மோஸ்டாட் முதல் தடவையிலேயே வேலை செய்தது.

கனடா திரும்பும்போது உன் மகன், "அந்த பிரேக்கரை அணைச்சு வெச்சுடுங்கோ மாமா" என்றான். சரி என்றேன். அணைக்கவில்லை. உன் கட்டில் போய்விட்டது. காற்று வாயை மட்டும் நான் திருப்பவில்லை. வலது உள்ளங்கையில் இன்னும் உணர்வு முழுதாக வரவில்லை. மருத்துவர் நரம்பு என்கிறார். அவர் படித்தவர்.

இன்று காலை கட்டில் இருந்த இடத்தில் போய் நின்றேன். நல்ல சூடு, அக்கா. நீ சொன்ன 'ஆஹா' பொய் இல்லை. வெளியே மழை, உள்ளே விசிறியின் இரைச்சல். அடுத்த வீட்டுக்கு எதுவும் கேட்காது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் வாயைத் திறந்தேன்.

அறை இருபத்தைந்தைத் தொட்டதும், 'டிக்' என்று அணைந்துவிட்டது. நான் இன்னும் முடிக்கவில்லை.

ஃப்ரிட்ஜைத் திறந்து, டம்ளரில் ஐஸை நிரப்பினேன்.