பக்கத்து சீட்

ஜூன் 7, சனி

அப்பாவின் பட்டறைக்கு இன்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. பாகலூர் ரோட்டில் இதுவரை டெம்போவும் டிராக்டரும்தான் சைலன்சர் மாற்ற வந்து நின்றிருக்கின்றன. இது என்னைவிட வயதில் மூத்த ஜப்பான் கார். சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறமாகியிருக்கிறது. இரண்டே கதவு, இரண்டே சீட்.

கார்க்காரர் பெயர் சுரேந்தர். தளிப் பக்கம் பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்க்கிறார். “மேடு ஏறறப்ப மூச்சு வாங்குது நல்லுசாமியண்ணா. இன்ஜினைத் தொட வேண்டாம். சைலன்சர் லைனை மட்டும் புதுசாச் செஞ்சு எவ்வளவு பவர் கூட்ட முடியுமோ கூட்டுங்க. அப்புறம் பெங்களூர் டைனோவுல ஏத்திப் பாப்போம். நம்பர் கூடலைன்னா பழசையே மாட்டிக் குடுத்துருங்க.”

டைனோ என்பது காரை உருளைகள்மேல் நிறுத்தி ஓட்டிக் குதிரைத்திறனை அளக்கும் இயந்திரம். அப்பாவுக்கு இதுதான் முதல் ஸ்போர்ட்ஸ் கார். இது சரியாக வந்தால் இந்த மாதிரிக் கார்கள் பெங்களூரிலிருந்து நம்மிடம் வரும் என்கிறார்.

“டைனோவுக்குப் போறப்ப பக்கத்து சீட் உனக்குத்தான் கண்ணு” என்றும் சொன்னார்.

சுரேந்தரோடு அவர் மகளும் இறங்கினாள். பார்த்தால், இந்த வாரம் எங்கள் பதினொன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஜெயப்ரியா! கடைசி பெஞ்ச்.

ஜூன் 9

“காவேரி, உங்கப்பா செம ஜாலி” என்று ஜெயப்ரியா வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னாள். எனக்கே தெரியாத செய்தி.

ஜூன் 14, சனி

வாரம் முழுக்கப் படித்தேன். எரிந்த புகை தடையில்லாமல் வெளியேறினால்தான் இன்ஜின் அடுத்த மூச்சை முழுதாக இழுக்கும். இந்தக் காரில் நான்கு சிலிண்டரின் புகையும் ஒரு குட்டையான வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் வந்து ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் நீளமாகத் தனிக் குழாய் கொடுத்துப் பிறகு சேர்த்தால், முன்னே போகும் புகையின் வேகமே பின்னால் வருவதை இழுத்துக்கொள்ளும். எவ்வளவு அழகான ஏற்பாடு! எல்லாவற்றையும் அப்பாவிடம் ஒப்பித்தேன். கிரைண்டரை நிறுத்தாமல் “ம்” என்றார்.

ஜெயப்ரியா எதையும் படித்துவிட்டு வரவில்லை. அப்பா அவள் கையில் ஒரு ரப்பர் குழாயைக் கொடுத்தார். “ஒரு முனையைக் காதுல வச்சுக்கோ. இன்னொண்ண சைலன்சர் ஓரமா நகத்திட்டே போ.” பழைய குழாயில் விரிசல் எங்கே என்று உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

“காதுன்னா இது காது! கெட்டிக்காரி கண்ணு நீ.”

கண்ணு.

அது என்னைக் கூப்பிடும் பெயர் இல்லையா?

ஜூன் 15

அம்மா ஃபேக்டரியிலிருந்து வந்து தட்டைப் பார்த்துவிட்டு, “அந்தப் புள்ள நம்ம வீட்ல ரெண்டு இட்லி தின்னுட்டுப் போனதுக்கா உனக்குச் சோறு இறங்கல?” என்று கேட்டார். இட்லிக்காக இல்லை என்றேன். பின்னே எதற்கு என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

ஜூன் 21, சனி

புதுக் குழாய் எவ்வளவு அகலம் என்று இன்று சண்டை. மூன்று அங்குலம் போட்டால் சத்தம் தளி வரைக்கும் கேட்கும் என்றாள் ஜெயப்ரியா. ரொம்ப அகலமானால் புகையின் வேகம் குறைந்துவிடும், மேட்டில் இழுக்காது, இரண்டே கால் போதும் என்றேன் நான். அதோடு நிறுத்தியிருக்கலாம். “இது கார், கல்யாண பேண்டு இல்ல” என்றும் சொன்னேன். “நீ எதுக்குடி கடிக்கற?” என்று சிரித்தாள்.

“ரெண்டு பேரும் போய் டீ வாங்கிட்டு வாங்க” என்று அப்பா விரட்டினார். திரும்பி வந்தபோது இரண்டே கால் அங்குலக் குழாயை அறுத்துக்கொண்டிருந்தார். பிறகு ஏன் அகலம் ஆகாது என்று அவளை அருகில் உட்கார வைத்து விளக்கினார்.

ஜெயித்தது நான். விளக்கம் அவளுக்கு.

ஜூன் 28, சனி

எல்லாக் குழாயும் பூட்டியாகிவிட்டது. ஓட்டிப் பார்க்க அப்பா ஜெயப்ரியாவைத்தான் கூட்டிப் போனார். “அவங்க வண்டி, அந்தப் புள்ள வரட்டும்” என்றார். நான் பட்டறை வாசலில் நின்றேன். சத்தம் வளைவு தாண்டியும் கேட்டது – கனமாக, நன்றாகத்தான் இருந்தது.

தலைமுடி எல்லாம் கலைந்து இறங்கினாள். “சூப்பரா இழுக்குதுப்பா!” என்றாள். அப்பாவாம். போன வாரம்வரை அங்கிள். அவளுக்குத்தான் ஒரு அப்பா இருக்காரே, ரோஜாத் தோட்டத்தோட! என்னுடையதும் எதுக்கு?

ஜூலை 5, சனி

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

காலையில் கார் குளிர்ந்திருந்தது. ஸ்டார்ட் செய்ததும் ஜெயப்ரியா, “அப்பா, டிக் டிக்னு ஒண்ணு கேக்குது” என்றாள். அப்பா குனிந்து பார்த்தார். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்த வருடங்களில் அவர் காது மந்தமாகிவிட்டது. “உனக்குக் கேக்குதா கண்ணு?” என்று என்னைக் கேட்டார்.

கேட்டது. தெளிவாகக் கேட்டது. குளிரில் கேட்டு, சூடானதும் மறையும் டிக் சத்தம் என்றால் இணைப்பில் கசிவு என்று படித்தும் இருக்கிறேன்.

“இல்லப்பா. பழைய இன்ஜின்னா அப்படித்தான் இருக்கும்” என்றேன்.

அப்பா பானெட்டை மூடிவிட்டார். “காவேரி சொன்னா சரியா இருக்கும். படிக்காம வாயத் தொறக்காது அது.”

ஜெயப்ரியா என்னைப் பார்த்தாள்.

ஜூலை 6, ஞாயிறு

ஏன் அப்படிச் சொன்னேன்? அவ சொன்னது சரியாயிடக் கூடாது, அவ்வளவுதான். ஆனா டைனோவுல நம்பர் கூடலைன்னா அவளுக்கு என்ன போச்சு? அப்பா பேருதானே போகும்!

காலையில் தோசையைப் பிய்த்துக்கொண்டே அப்பா, “இந்தக் குழாய் சமாச்சாரம், உன் புக்குல வேறென்ன போட்டிருக்குது?” என்று கேட்டார். ஒரு மாசமா இந்த ஒரு கேள்விக்குத்தானே காத்திருந்தேன். இப்பப் போய்க் கேக்கறாரே!

“அப்பா, நேத்து அந்தச் சத்தம் எனக்கும் கேட்டுச்சு.”

தோசையை வைத்துவிட்டுக் கை கழுவினார். “பட்டறைச் சாவியை எடு.”

இன்ஜினோடு குழாய் சேரும் இடத்தைக் கழற்றினோம். வெல்டிங் சூட்டில் குழாய் முனையின் இரும்புப் பட்டை லேசாக வளைந்திருந்தது. நடுவில் வைத்த பேக்கிங்கின் ஒரு மூலையில் கரி கோடாகப் படிந்திருந்தது. அங்கேதான் கசிவு. பட்டையை அரத்தால் ராவிச் சமமாக்கிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்:

“எதுக்கு இல்லைன்ன?”

“நீங்க அவளைக் கண்ணுன்னு கூப்பிட்டீங்க.”

அரம் நின்றது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“அடக் கிறுக்கு” என்றார். மறுபடி ராவத் தொடங்கி, “லைட்டை இன்னும் கிட்டப் பிடி” என்றார்.

ஜூலை 12, சனி

பெங்களூர் போய் வந்தோம்.

கார் அவர்களுடையது, ஜெயப்ரியாவே பக்கத்து சீட்டில் வரட்டும் என்றேன். “நீ படிச்சவ, நீ போ” என்றாள் அவள். இரண்டும் ஒப்புக்குத்தான். அதற்குள் சுரேந்தர் அங்கிள் பூ லோடு வேனில் வந்து இறங்கினார். நம்பர் கூடாவிட்டால் அங்கேயே மாட்டிவிடலாம், பழைய சைலன்சரையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வேனில் மீதி இடமெல்லாம் பூப்பெட்டிகள். கார் டிக்கியில் சைலன்சர் நுழையவில்லை. அப்பா யோசித்துவிட்டு அதைப் பக்கத்து சீட்டில் சாய்த்து, உருளாமல் இருக்க பெல்ட்டையும் மாட்டினார்.

நாங்கள் இருவரும் வேனின் பின் சீட்டில். டிரைவர் பக்கத்தில் சுரேந்தர் அங்கிள் போனில் பூ விலை பேசிக்கொண்டே வந்தார். முன்னால் போன காரின் பின்கண்ணாடியில் பழைய சைலன்சரின் துருப்பிடித்த தலை ஆடிக்கொண்டே வந்தது.

“பாரு, அதுக்கு வந்த மரியாதையை!” என்றாள் ஜெயப்ரியா. சிரித்துவிட்டேன். அத்திப்பள்ளி தாண்டும்வரை சிரிப்பு நிற்கவில்லை.

பிறகு சொன்னேன். “அன்னிக்கு டிக் டிக்… எனக்கும் கேட்டுச்சு.”

“தெரியும். உன் மூஞ்சியே சொல்லுச்சு.”

“அப்புறம் ஏன் எங்கப்பாகிட்டச் சொல்லல?”

“சொன்னா மட்டும்? உன்னைத்தான் நம்புவாரு.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “எங்கப்பா நான் சொல்ற எதையும் இன்னொருத்தர்கிட்டக் கேக்காம நம்ப மாட்டாரு.”

அவளுக்கும் வயிறு எரிந்திருக்கிறது. எனக்கு இது தோன்றவே இல்லையே.

பழைய சைலன்சரோடு சுரேந்தர் அங்கிள் முன்பே அளந்து வைத்திருந்தது நூற்றுநான்கு குதிரைத்திறன். இன்று நூற்றுப்பதின்மூன்று! ஆக்ஸிலேட்டரிலிருந்து அப்பா காலை எடுக்கவே இல்லை, “சாக்கு, சாக்கு!” என்று சுரேந்தர் அங்கிள் கன்னடத்தில் கத்தித்தான் நிறுத்தினார் (போதும் என்று அர்த்தமாம்). திரும்பும்போது காரை அவரே ஓட்டினார். பக்கத்து சீட்டில் அப்பா. காலி வேனில் எங்கள் முழங்கால்களுக்கு நடுவே பழைய சைலன்சர்.

ஆகஸ்ட் 2, சனி

பட்டறைக்கு இன்னொரு ஸ்போர்ட்ஸ் கார் வந்திருக்கிறது, கர்நாடகா நம்பர். பார்க்க ஜெயப்ரியாவும் வந்திருந்தாள். காருக்கு அடியிலிருந்து அப்பா, “கண்ணு, லைட்டு!” என்றார்.

இரண்டு பேரும் எழுந்தோம். நான் ஒரு நொடி முந்தி.