காற்று இன்று மிதம்

பிப்ரவரி 2, திங்கள்

அச்சில் ஒரு வரிகூட வராத எழுத்தாளர்களில் அதிக வாசகர்கள் எனக்குத்தான். நாற்சந்தி மின்பலகையில் தினமும் காற்றின் தரத்தை ஒற்றைச் சொல்லில் எழுதுகிறேன். சிவப்பு விளக்கில் நிற்பவர்கள் படித்தே ஆகவேண்டும். எண்ணைக் கருவி தரும். சொல்லை நான் தட்டுவேன். நன்று, மிதம். ‘மோசம்’ என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. விருந்தாளிக்கென்று எடுத்துவைத்த போர்வை மாதிரி, அதை யாரும் பிரித்ததே இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எங்கள் அதிகாரிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மிதவாதி.

பிப்ரவரி 5, வியாழன்

கருவியை மொட்டைமாடியிலிருந்து இறக்கித் தோட்டத்தில், தூசி அடங்கத் தண்ணீர் தூவும் குழாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள்.

“மேல வெயில்ல காயுதும்மா, பாவம்,” என்றார் மிதவாதி.

இயந்திரத்துக்கு இரங்கும் மனசு எல்லோருக்கும் வாய்க்காது. இன்று பலகையில்: நன்று. ஊரே இருமிக்கொண்டு படித்தது.

பிப்ரவரி 9, திங்கள்

அப்பாவின் இருமல் நிற்கவில்லை. “ராத்திரில தலைக்குக் குளிச்சா வேற என்ன வரும்?” என்பது அம்மாவின் தீர்ப்பு. மின்விசிறி, ஐஸ் தண்ணீர், ஜன்னலோரக் கட்டில் என்று எல்லாவற்றையும் கூண்டில் ஏற்றியாயிற்று. காற்றை மட்டும் யாரும் விசாரிக்கவில்லை. அதற்குத்தான் நான் தினமும் நற்சான்று கொடுக்கிறேனே.

பிப்ரவரி 13, வெள்ளி

மருத்துவரிடம் போனோம். வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டிய அப்பா பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“சிகரெட் உண்டா?”

“அந்த வாசனையே ஆகாது டாக்டர்.”

“அத்தனை வருஷம் டீசல் புகையைக் குடிச்சிருக்கீங்க. மூச்சுக்குழாய் சுருங்கிப்போச்சு. போனது போகட்டும், இருக்கறதையாவது காப்பாத்தணும். மெயின் ரோட்டுல நடக்கவே கூடாது.”

“சும்மா போறதில்லை டாக்டர். காலைல நாற்சந்தி வரைக்கும் போய்ப் பலகையைப் பாப்பேன். நன்றுன்னா ஒரு சுத்துக் கூட நடப்பேன். மிதம்னா மெதுவா நடப்பேன். என் பொண்ணுதான் அதை எழுதுறா!”

பெருமையாக என்னைக் கைகாட்டினார். மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தைப் பார்த்தேன். நல்ல இளஞ்சிவப்பு.

காற்று நல்லதா என்று தெரிந்துகொள்ள, ஊரிலேயே கெட்ட காற்று வழியாக நடந்துபோகிறார். போனால் நான் வாழ்த்தி வரவேற்கிறேன்.

பிப்ரவரி 14, சனி

“பலகையை நம்பாதீங்கப்பா.”

“ஏம்மா? நீதானே எழுதுற?”

“நான்தான்.”

“அப்புறம் என்ன?”

அப்புறம் என்னவா? என்னத்தைச் சொல்ல? அலமாரி நிறையப் புத்தகம் படிச்சு என்ன பிரயோஜனம், பெத்த அப்பாகிட்ட வாய் வரலையே. கருவியைக் குழாயடியில் வைத்த கதையைச் சொன்னால் — என் மேல் இருக்கும் அந்தப் பெருமை? அதைக் காப்பாற்ற அவர் மூச்சையா விலையாகக் கொடுப்பது?

பிப்ரவரி 17, செவ்வாய்

கிடங்கில் கிடந்த பழைய கைக்கருவியை நாற்சந்திக்கு எடுத்துப்போனேன். எண் எல்லையைத் தாண்டி எங்கேயோ நின்றது. திரும்பிவந்து மூன்றாவது சொல்லைத் தட்டினேன். தேநீர் ஆறும்வரை பலகையில் இருந்திருக்கும். மிதவாதி ஓடிவந்தார்.

“ஊரையே பயமுறுத்திட்டியேம்மா!”

“எண் அப்படித்தான் சார் வந்தது.”

“எண்ணு ஆயிரம் சொல்லும். நாமதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும்.”

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் தோட்டம், குழாய், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

பிப்ரவரி 18, புதன்

தபால் பிரிவுக்கு மாற்றல். பலகையை இனி மிதவாதியே எழுதுகிறார். என்னைவிடக் கச்சிதமான நடை. தினமும் ஒரே சொல்.

பிப்ரவரி 24, செவ்வாய்

காலையில் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று அப்பாவைக் கூப்பிட்டார். “வாங்க அண்ணே! ஒரு வாரமா நன்றுதான்!”

செருப்பை மாட்டியிருந்த அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன், இல்லை என்று. செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார்.

“நான் வரலைப்பா. எம்பொண்ணு வேணாங்கறா.”

நான் வாசலுக்கு ஓடினேன். “சார், நீங்களும் போகாதீங்க. அந்தப் பலகை...”

“என்னம்மா நீ,” கையை வீசி நடந்துகொண்டே சிரித்தார். “இவ்வளவு நல்ல காத்தை வீணாக்கலாமா?”