நாலு குழாய்க்கும் அந்தோனியார் காவல்

தாழையடிவிளை,
6.10.2024

அன்பு மகன் ஷிஜினுக்கு,

ஜெபமணி சித்தி எழுதுகது. மாதா புண்ணியத்துல இருமல் ஒண்ணத் தவிர எல்லாஞ் சொகம். போன்ல சொன்னா "செரி சித்தி, செரி சித்தி"ன்னு வச்சிருவ. தாள்ல எழுதினா வாசிச்சுத்தானே ஆவணும்.

போன வாரம் கம்பெனி ஜீப்புல வந்து, பழைய குப்பக்குழிக்க மேல நட்டு வச்சிருக்க நாலு குழாய்லயும் மிஷின் வச்சு கேஸ் அளந்த. "ஒண்ணுமில்ல சித்தி, சுத்தம்"ன்னு சொல்லிட்டு, சாளக் கறியும் மரச்சீனியும் தின்னுட்டுப் போன. இப்ப உனக்க ரிப்போர்ட்டக் காட்டி அங்கயே அங்கன்வாடி கெட்டப் போறாவ.

ஆனா மக்கா, அன்னைக்கு வெடியக்காலப் பூசைக்குப் போகும்போ நான் ஒண்ணு கண்டேன், அப்ப அதுக்க அர்த்தம் வெளங்கல. அங்கன்வாடி காண்ட்ராக்டருக்க ஆளு சுயம்புராஜ் நாலு மூடியவும் கழத்தி வச்சுட்டு சாயா குடிச்சிட்டு நிக்கான். பூச முடிஞ்சு நான் வரும்போ, உனக்க ஜீப்பு முக்குல உள்ள அந்தோனியார் குருசடி திரும்பினதும் ஓடி ஓடி மூடுகான். சோத்துப் பானைய முந்தியே தொறந்து போட்டுட்டு, ஆவியக் காணலியேன்னா எங்க இருக்கும்?

மழ கறுக்கும்போ குழிக்கு அடுத்த வீட்டு பிரீனாக்க அடுக்களைல அந்தக் கேஸ் நாத்தம் ஏறுகு. அவளுக்க பிள்ளையும் அந்த அங்கன்வாடிக்குத்தான் போவணும். இன்னொருக்கா வந்து அள.

உனக்காக செபமால உருட்டுக,
ஜெபமணி சித்தி

கோயம்புத்தூர்,
11.10.2024

அன்புள்ள சித்திக்கு,

அன்றைக்கே எனக்கு நெருடல்தான். குழாய்க்குள் இருந்த காற்று, வெளியே நாம் மூச்சு விடும் காற்றைப் போலவே இருந்தது. மண் மூடிய குப்பைக்குள் அப்படி இருக்க வழியில்லை. குழாய் பல நாள் மூடியே கிடக்க வேண்டும். மூடியைக் கழற்றாமல், அதிலிருக்கும் சின்ன வால்வில் கருவியை மாட்டி அளக்க வேண்டும். மழைக்கு முன் காற்றழுத்தம் இறங்கும்போது அளந்தால்தான் மண்ணுக்குள் பதுங்கிய வாயு மேலே வரும்.

ஆனால் அறிக்கை போய்விட்டது. கையெழுத்து என்னுடையது. எங்களை அமர்த்தியதே அந்தக் காண்ட்ராக்டர்தான். டிசம்பரில் எனக்கு வேலை நிரந்தரமாகும். அதுவரை யாரிடமும் சொல்லாமல் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
ஷிஜின்

தாழையடிவிளை,
17.10.2024

ஷிஜினுக்கு,

அன்பு மகன்னு எழுதல. கோவத்துல இருக்கேன்.

டிசம்பர் வர நான் பொறுப்பேன். கேஸ் பொறுக்குமா? அஸ்திவாரத்துக்குக் கல்லு எறக்கியாச்சு.

நான் ஒரு சோலி பாத்தேன். குருசடில மிச்சங்கெடந்த மெழுகுதிரித் துண்டெல்லாம் வீட்ல வச்சு உருக்கி (தீப்பெட்டிய அங்க கொண்டு போகப் பேடி, கேஸ் பத்திக்கிடும்லா), நாலு மூடியச் சுத்தியும் ஊத்தி, எனக்க கழுத்துல கெடந்த அந்தோனியார் மெடல அமுக்கி அச்சு வச்சேன். இனி எவன் தொறந்தாலும் அந்தோனியாருக்க மூஞ்சி உடையும்.

சுயம்புராஜ் வந்து சாடினான்.

"ஏ அம்மா, இது கவர்மெண்ட் குழாய்!"

"குழாய் கவர்மெண்டுக்கு. மெழுகு அந்தோனியாருக்கு. தொட்டுப் பாரு."

"உம்ம மவந்தானே ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்தான்?"

"ஒண்ணுமில்லன்னா உனக்கென்ன பேடி? மூடியே கெடக்கட்டு."

இது செபமால மாசம்லா? சாயங்காலம் பெண்ணுங்க எல்லாரும் அங்க பாய விரிச்சுத்தான் செபமால சொல்லுகோம். கோயில்ல சொல்லப்பிடாதான்னு ஃபாதர் கேட்டாரு. கோயிலுக்குக் காவல் மாதா இருக்கா, இஞ்ச யாரு இருக்கான்னு கேட்டேன். சிரிச்சுட்டுப் போயிட்டாரு.

மழ இருட்டும்போ வா. வரலன்னா கிறிஸ்மசுக்கு எனக்க முந்திரிக்கொத்து தின்னவும் வராண்டாம்.

ஜெபமணி

கோயம்புத்தூர்,
21.10.2024

சித்தி,

வியாழக்கிழமை காற்றழுத்தம் இறங்கும் என்கிறார்கள். விடுப்பு போட்டு, நண்பனின் கருவியை வாங்கிக்கொண்டு வருகிறேன். மேனேஜர் போகாதே என்றார். மெழுகை உடைக்க வேண்டியதில்லை, வால்வு போதும்.

முந்திரிக்கொத்தில் ஏலக்காய் கூடுதல் வேண்டும்.

ஷிஜின்

தாழையடிவிளை,
10.11.2024

எனக்க மகன் ஷிஜினுக்கு,

வேலய விட்டு எடுத்துட்டாவன்னு நீ எழுதினத வாசிச்சு, மீன் சட்டியக் கழுவாம இருந்து அழுதேன். பொறவு எழும்பி சட்டியக் கழுவினேன்.

ஓர்மையிருக்கா? வானம் கறுத்து, நீ குனிஞ்சு டியூப மாட்டினப்போ, சுயம்புராஜ் வேலிக்க பக்கம் பீடி குடிச்சிட்டு, "வெறும் காத்துக்கு இத்தன கூட்டமா?"ன்னு நக்கலடிச்சிட்டு நிண்ணான். உனக்க மிஷின் கீச்சு கீச்சுன்னு கத்தினதும், ஒருத்தரும் சொல்லாமலே பீடிய மிதிச்சு அணச்சுட்டு ரோட்டுக்கு ஓடினானே! உனக்க கணக்கு வெளங்காதவளுக்கும் அந்த ஓட்டம் வெளங்கிச்சு.

நீ குடுத்த புது ரிப்போர்ட்டக் கொண்டு போய் நாங்க பெண்ணுங்க கலெக்டர் ஆபீசுல குடுத்தோம். எறக்கின கல்லெல்லாம் திரும்ப லாரில ஏறியாச்சு. அங்கன்வாடி இப்போ கோயில் மண்டபத்துல. பிரீனாக்க பிள்ள கோயில் மணிக்கயித்தப் பிடிச்சுத் தொங்கி ஃபாதருக்க உயிர எடுக்குது.

சித்தி பேச்சக் கேட்டுக் கெட்டுப்போனான்னு உனக்க மேனேஜர் சொன்னானாமே. மழைக்க முன்ன பிரீனாக்க அடுக்களைல வந்து மூச்சு விட்டுட்டு, பொறவு சொல்லச் சொல்லு, எது கெட்டதுன்னு.

குப்பக்குழி இல்லாத பஞ்சாயத்து எது மக்கா? உனக்குச் சோலி கிட்டும். ஏலக்காய் வாங்கியாச்சு. வா. இனி நீ எந்த ஊருல அளக்கப் போனாலும் முன்கூட்டியே எனக்குச் சொல்லு.

மெழுகு இன்னும் கையில இருக்கு.

உனக்க சித்தி,
ஜெபமணி