மெட்ராசு என்று பெயர் வாங்கியவள்

அக்கா,

இன்று கள்ளக்குறிச்சி பேனர் கடைக்காரர் உன் போட்டோவைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். அந்தத் தாளில் ஒரு போர்க்கப்பல். எதிரியைத் தேடிப் போய் அடிக்கும் ஏவுகணைகளைச் சுமக்கிறதாம். சென்னை நகரத்தின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். தேங்காய் உடைத்து, பேண்டு வாசித்து வைத்த பெயர்.

உனக்கு அதே ஊரின் பெயரை எப்போதோ வைத்துவிட்டார்கள், கேலிக்கு.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலையெங்கும் மரம் வெட்டிப் போட்டிருந்த வாரம் அது. உனக்கு மெட்ராஸில் நர்ஸ் படிப்புக்கு இன்டர்வியூ. பஸ் இல்லை, நடந்தே கிளம்பினாய். உன் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு சின்னப் பெண்ணான நானும் வந்தேன். கச்சிராயபாளையம் தாண்டியதும் குறுக்கே ஒரு புளியமரம். மரத்துக்கு அந்தப் பக்கம் ஆட்களோடு அப்பா, கையில் கோடாலி.

“வூட்டுக்குப் போ. உங்களுக்கோசரம்தான் இங்க நின்னுக்கினு இருக்கோம்.”

“எனக்கோசரம்னா கொஞ்சம் நவுந்து நில்லுப்பா.”

“இன்னாண்ணே, உன் பொண்ணு நம்ம மறியலயே மறிக்குது!” என்று ஒருவர் சிரித்தார். அப்பா நகரவில்லை. நீ பையை மரத்துக்கு மேலே வீசினாய். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிக் குதித்தாய்.

போய்ச் சேர்ந்தபோது இன்டர்வியூ முடிந்திருந்தது. நீ திரும்பவில்லை. ஒரு விடுதியில் பாத்திரம் தேய்த்துக் காத்திருந்து, மறுவருடம் சேர்ந்தாய். பொங்கலுக்கு வந்தபோது குழாயடியில் பெண்கள், “இன்னாடி மெட்ராசு, ஊரு ஞாபகம் இருக்குதா?” என்றார்கள். நான் அழுதேன். நீ சிரித்தாய்.

“கூப்புடட்டும்டி. போகாத ஊரு பேரயா வெச்சாங்க?”

உன் முதல் நினைவு நாள் பேனரில், பெயருக்குக் கீழே ‘என்கிற மெட்ராசு’ என்று போடச் சொல்லியிருந்தேன். அது தெரிந்து பெரியப்பா மகன் இன்று கடைக்கே வந்துவிட்டார்.

“பட்டப்பேரு எதுக்கும்மா? சம்பந்தி வூட்டுக்காரங்கல்லாம் வருவாங்க. அசிங்கம்.”

கடைக்காரர் எடுத்துவிடலாமா என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் கப்பல் படம் இருந்த தாளைப் பிரித்துக் காட்டினேன்.

“கப்பலுக்கு வெச்சா பெருமை, எங்க அக்காவுக்கு வெச்சா அசிங்கமாண்ணே?”

“ஊரே பாக்கும்!”

“பாக்கட்டும்னுதான் வெக்கிறேன்” என்றேன். கடைக்காரரிடம் எழுத்தை இன்னும் பெரிதாக்கச் சொன்னேன்.

நான் பாடம் நடத்தும் கல்லூரியில் என்னை மேடம் என்கிறார்கள். ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கினால் ‘மெட்ராசு தங்கச்சி’. அந்தப் பெயருக்குத்தான் நான் சட்டென்று திரும்புகிறேன்.