மாமன் மடி

மஸ்கட்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. போனில் பேசினால் கத்திவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

சோமனூர்ப் பையன்கள் நாங்கள் கால்பந்துக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம். அதில் பந்தைத் தவிர எல்லாம் பேசுவார்கள். நேற்று எங்கள் டீம் தோற்றுக்கொண்டிருக்கும்போது, அரிசியும் பருப்பும் சாதத்துக்கு நெய்யா தயிரா என்று சண்டை. தயிர் ஊற்றித் தின்கிறவனுக்கு நாக்கே இல்லை என்றேன். உடனே பெரியப்பா மகன் நவநீதன், அந்த வீணாய்ப்போனவன், வாய்ஸ் போட்டான்.

"ஏனுங்க, தங்கச்சி புள்ளைக்குக் காது குத்தறப்ப மாமனாட்டம் மடி குடுக்க நீங்க வரலீங்க. உங்களுக்குப் பதிலா நான்தானுங்க உக்காந்தேன். சோத்துக்கு மட்டும் நாயம் பேச வந்துபோட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் ஒரு சிரிக்கிற பொம்மையைப் போட்டேன். எங்கள் குரூப்பில் இதெல்லாம் சகஜம், கவலைப்படாதீர்கள்.

ஆனால் எனக்கு லீவு கிடைத்த பிறகுதான் காது குத்துவோம் என்று சொன்னது நீங்கள்தானே? தங்கச்சி பிரவீனா வாயைத் திறக்கவில்லை. நீங்களும் மறைத்துவிட்டீர்கள். அவள் வீட்டு விசேஷத்தை நான் பந்து பார்க்கிறவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமா? பாப்பாவுக்காக வாங்கிய கம்மல் இன்னும் என் பெட்டியில் கிடக்கிறது.

யாராவது இங்கே வந்தால் கொள்ளுப்பொடி கொடுத்தனுப்புங்கள். கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. காது குத்தும்போது எடுத்த பாப்பா படம் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். முகம் மட்டும் தெரிந்தால் போதும். மடி தெரிய வேண்டாம்.

சிவநேசன்