அம்மாவின் விரலுக்கு ஒரு கீபோர்டு

இயேசு மரி சூசை
பாலக்கரை, திருச்சி
16-8-1987

அன்பு மகள் பேட்ரிசியாவுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அம்மாவும் இங்கே நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிறோம். மஸ்கட் வெயிலில் ஆஸ்பத்திரி டியூட்டிக்கு நடுவே நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கிறிஸ்துமஸ் லீவில் வரும்போது மிக்சி கொண்டுவரவா, டேப்ரிக்கார்டர் கொண்டுவரவா என்று கேட்டிருந்தாய். இரண்டும் வேண்டாம் கண்ணு. அம்மாவுக்கு ஒரு கீபோர்டு வேண்டும். சிரிக்காதே, ஐம்பது வயதைத் தாண்டி உன் அம்மா வாத்தியம் படிக்கிறாள்.

தொண்டைக் கட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்குப் பேச்சு வந்துவிட்டது என்று எழுதியிருந்தேன் அல்லவா, பேச்சு வந்தது, பாட்டு வரவில்லை. கொஞ்சம் மேலே போனால் குரல் உடைந்து வெறும் காற்றாகிவிடுகிறது. அத்தனை வருஷம் கோவில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றவள் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. குழுவை இப்போது நடத்துகிற அமலராணி வீட்டுக்கே வந்து, "சும்மா வந்து நில்லுங்கக்கா, வாயை அசைச்சா போதும்" என்று கூப்பிட்டாள். நல்ல மனசோடுதான் சொன்னாள், ஆனால் அது அம்மாவுக்கு இன்னும் வலித்துவிட்டது. அடுப்படியில் முணுமுணுக்கிற பாட்டுகூட நின்றுபோனது. குக்கர் விசில் மட்டும் கேட்கிற வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஆடிப்பெருக்குக்கு முந்தின வாரம் என் ஆபீஸ் சிநேகிதர் சௌரிராஜன் வீட்டுக்கு ஸ்ரீரங்கம் போயிருந்தோம். அவர் மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கீபோர்டு கூடத்தில் துணி போர்த்திக் கிடந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து அவர் சம்சாரம் சத்யபாமா, "தொட்டுத்தான் பாருங்கோளேன், கடிக்காது" என்றார்கள். அம்மா ஒற்றை விரலால் அழுத்தினாள், தேடினாள், தப்பினாள், திரும்பவும் தேடினாள், கடைசியில் நம் கோவில் மாதா பாட்டின் முதல் அடி வந்தே விட்டது. காபி ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை. சத்யபாமா பக்கத்தில் உட்கார்ந்து, "நன்னாயிருக்கே, எங்க கோவில் தாயார் மேல பாடற மாதிரின்னா இருக்கு, இன்னொரு தரம் வாசியுங்கோ" என்றார்கள். பஸ்ஸில் திரும்பும்போது காவிரிப் பாலம் முழுக்க அம்மாவின் விரல்கள் மடியில் இருந்த பையின் மேல் கட்டை தேடிக்கொண்டே வந்தன. மெயின்கார்டு கேட்டில் இறங்கியதும், "ஏங்க, தொண்டை போனா என்ன, விரல் இருக்குல்ல" என்றாள். எனக்கு நடு ரோட்டில் கண் கலங்கிவிட்டது, தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

மறுநாளே பெரிய கடை வீதியில் வெளிநாட்டுச் சாமான் விற்கிற ஷரீபா அம்மா கடைக்குப் போனோம். முதலில் ஒரு சின்னதைக் காட்டினார்கள், கட்டைகள் பல்லு மாதிரி குட்டி குட்டியாக, அம்மா ஒன்றைத் தொட்டால் பக்கத்துக் கட்டையும் சேர்ந்து கத்துகிறது. அடுத்தது அகலமாகத்தான் இருந்தது, ஆனால் இரண்டு கட்டையைச் சேர்த்து அழுத்தினால் ஒன்றுதான் ஒலிக்கிறது. "நம்ம வீட்ல நானும் நீங்களும் பேசற மாதிரி இருக்கு, இது வேணாம்" என்றாள், ஷரீபா அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரரே எட்டிப் பார்த்தார். மூன்றாவது பெரிசு, விளக்கும் பொத்தானுமாக ஒரு கல்யாண மேடை. எதையோ தொட்டேன், டிரம் தானாகவே அடிக்க ஆரம்பித்து எப்படி நிறுத்துவது என்று கடையில் யாருக்கும் தெரியவில்லை, வயரைப் பிடுங்க வேண்டியதாயிற்று. வெறுங்கையோடு திரும்பினோம், ஆனால் என்ன வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

ஆகையால் நீ பெரிதாகச் செலவு செய்யாதே. கட்டைகள் ஆர்மோனியக் கட்டை அகலம் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம், நாலு ஸ்தாயி இருந்தால் தாராளம். மூன்று நாலு கட்டை சேர்த்து அழுத்தினால் எல்லாம் ஒலிக்க வேண்டும். பேட்டரியிலும் ஓட வேண்டும், நம் ஊர் கரண்ட் லட்சணம் உனக்குத் தெரியும். ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கட்டும். நூறு வாத்தியச் சத்தமும் தாளமும் வேண்டவே வேண்டாம். யாராவது ஊர் திரும்புகிறவர்கள் விற்றுவிட்டுப் போவது கிடைத்தாலும் சரிதான், ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்து வாங்கு.

இதற்கிடையில் அம்மா காத்திருக்கவில்லை. சனிக்கிழமைதோறும் ஸ்ரீரங்கம் போய் சத்யபாமா பக்கத்தில் உட்கார்ந்து பழகுகிறாள். நேற்று மாதா விண்ணேற்புத் திருநாள் பூசை முடிந்ததும் போய், ஒரு பாட்டை முழுசாக, இரண்டு கையாலும், நிற்காமல் வாசித்தாளாம். நான் கேட்கவில்லை. என்னை வெளியே அனுப்பிவிடுகிறாள், "நீங்க இருந்தா எனக்குத் தப்பு வருதுங்க" என்கிறாள். கோவில் ஆர்மோனியத்தில் பழகலாமே என்றால், ஊர் கேட்கத் தப்புத் தப்பாக வாசிக்க மாட்டாளாம். காதில் மாட்டிக்கொண்டால் தனக்கு மட்டும் கேட்குமாம், அந்த ஹெட்போனும் அவசியம் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, இராத்திரி டியூட்டி முடிந்தால் ஜெபமாலையோடு தூங்கப் போ. ஆண்டவரும் அன்னையும் உன்னைக் கையில் ஏந்திக் காப்பார்களாக. ஒன்றே ஒன்று, இந்த வரியை அம்மா பார்க்கவில்லை: ஹெட்போனை மட்டும் மறந்துவிட்டு வா பாப்பா. தப்புத் தப்பாக இருந்தாலும் எனக்குக் கேட்க வேண்டும்.

என்றும் உன் அன்பு அப்பா,
சி. பாக்கியநாதன்